பட்டறை இருந்த மண்ணில் வீடு கட்டுமுன் யாரைக் கேட்பது?

கேள்வி: நானும் என் மைத்துனரும் சேலம் கொண்டலாம்பட்டி அருகே 62 சென்ட் இடம் வாங்க ஒப்பந்தம் போட்டு, 15 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறோம். அங்கே முதலில் சாயப்பட்டறை இருந்தது. பிறகு பல ஆண்டுகள் முலாம் பூசும் பட்டறை நடந்தது. இப்போது பூட்டிக் கிடக்கிறது. 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடி கட்டுவது எங்கள் எண்ணம். சாயில் டெஸ்ட் எடுத்துப் பார்த்த பொறியாளர் நல்ல கெட்டி நிலம் என்கிறார். ஆனால் கடன் கேட்ட வங்கியில், சுற்றுச்சூழல் கன்சல்டன்ட் ஒருவரின் அறிக்கையும் வேண்டும் என்கிறார்கள். மூன்று பேரிடம் விசாரித்தோம். ஒருவர் 40 ஆயிரம் ரூபாய்க்கு ஒரே வாரத்தில் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர் மூன்றே கால் லட்சமும் இரண்டு மாதமும் கேட்கிறார். மூன்றாமவர் ஆய்வை இலவசமாகவே செய்கிறேன், சுத்தம் செய்யும் வேலை வந்தால் எனக்கே தர வேண்டும் என்கிறார். ஒப்பந்தக் காலம் முடிய 50 நாள்தான் இருக்கிறது. யாரை அமர்த்துவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கிரயப் பத்திரம் பதிவாகும் முன்பே இதைக் கேட்டிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். இத்தகைய கடிதங்களில் பெரும்பாலானவை பத்திரம் பதிந்து, பூமி பூஜையும் முடிந்து, அஸ்திவாரக் குழியில் நிறம் மாறிய மண்ணைக் கண்ட பிறகே எழுதப்படுகின்றன. முதலிலேயே நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஒரு வாரத்தில் சான்றிதழ் தருபவரும் வேண்டாம், இலவசமாக ஆய்வு செய்பவரும் வேண்டாம். மூன்றே கால் லட்சம் கேட்பவரிடம் பேசலாம். ஆனால் அவரோடும் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அவரிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. தொகையை வைத்து மட்டும் அவர் நல்லவர் என்று முடிவு செய்வதும் தவறு. அதிகம் வாங்கிக்கொண்டு அரைகுறையாகச் செய்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் சாயில் டெஸ்ட் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உங்கள் பொறியாளர் எடுத்தது மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் சோதனை. எத்தனை அடியில் கடினப் பாறை வருகிறது, ஐந்து மாடியின் பாரத்தை அந்த நிலம் தாங்குமா என்பதை அது சொல்லும். அந்த மண்ணில் சயனைடு இருக்கிறதா, நிக்கல் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. சொல்வதற்காக எடுக்கப்பட்டதும் அல்ல. கெட்டி நிலம் என்ற சொல் உங்கள் மனத்தில் நல்ல நிலம் என்று பதிந்திருந்தால் அதை அழித்துவிடுங்கள். பாறை கெட்டியாக இருக்கும்போதே அதன் வெடிப்புகளில் விஷம் இறங்கியிருக்கலாம்.

அடுத்தது, அரசுத் துறைகள் எப்படியும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால்தான் கட்டுமானத் திட்டத்துக்கு முன் அனுமதி தேவைப்படும். 62 சென்ட் என்பது ஏறத்தாழ 2,500 சதுர மீட்டர்; அதில் 24 வீடுகள் கட்டினால் அந்த வரம்பின் அருகில்கூட வர மாட்டீர்கள். வரைபட ஒப்புதலின்போது சாலை அகலத்தையும் பக்க இடைவெளியையும் பார்ப்பார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யும்போது நில உரிமையும் வில்லங்கமும் பார்க்கப்படும். மண்ணில் என்ன இருக்கிறது என்பது இந்த வழியில் பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடும். உங்கள் வங்கி கேட்டிருக்கிறது என்றால் அதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 24 குடும்பங்களின் சார்பில் இந்தக் கேள்வியைக் கேட்க, இப்போதைக்கு அந்த வங்கியையும் உங்களையும் தவிர வேறு எவரும் இல்லை.

ஒரு நல்ல கன்சல்டன்ட் முதல் நாளே துளை போடும் கருவியோடு வர மாட்டார். நோட்டுப் புத்தகத்தோடு வருவார். இந்த வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் மண்ணைத் தொடுவதே இல்லை. நிலத்தின் கடந்த காலத்தைத் திரட்டுவதுதான் அதில் வேலை. முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டறையின் மின் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருந்தது என்ற விவரம், மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ எடுத்த தொழில் உரிமங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைகள், அவற்றில் குறிப்பிடப்பட்ட ரசாயனங்கள், கழிவுநீர் அளவு, வாரியம் நோட்டீஸ் ஏதும் அனுப்பியிருந்தால் அதன் நகல் ஆகிய எல்லாவற்றையும் தேட வேண்டும். கிடைக்காதவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால், எந்த ஆண்டில் எந்தக் கொட்டகை இருந்தது, பின்புறத்தில் கழிவுநீர்க் குட்டை இருந்ததா என்பவை பல சமயம் தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மதிப்புள்ளது அங்கே வேலை செய்த ஒருவரின் நினைவு. தொட்டிகள் எங்கே இருந்தன, தொட்டி நிறைந்தால் தண்ணீரை எந்தப் பக்கம் திறந்து விடுவீர்கள், ஆசிட் கேன்களை எங்கே அடுக்கி வைப்பீர்கள், மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று கேட்டால், ஒரு பழைய தொழிலாளி நின்ற இடத்திலிருந்தே கை நீட்டிக் காட்டிவிடுவார். அந்தக் கை நீட்டலுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஆய்வகக் கட்டணத்தின் மதிப்பு உண்டு. அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து அழைத்து வாருங்கள். மரியாதையாகப் பேசுங்கள். பழைய முதலாளிமீது வழக்குப் போடப்போகிறார்கள் என்ற பயம் அவருக்கு வராதபடி, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், நான் வேலை பார்த்த நிறுவனம் ஒரு பழைய சாயப்பட்டறை நிலத்தை ஆய்வு செய்தது. வரைபடத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தில் எல்லாம் மாதிரி எடுத்தோம். எண்ணிக்கை அதிகம், வேலையும் ஒழுங்கு, முடிவுகள் எல்லாம் சுத்தம். அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை ஆண்டு கழித்து லிஃப்ட் குழி தோண்டியபோது ஆறடிக்குக் கீழே கறுத்துப்போன செங்கல் வளையம் ஒன்று தென்பட்டது. அது மூடப்பட்ட உறிஞ்சு குழி. பதினைந்து ஆண்டு சாயக் கழிவும் அதற்குள்தான் போயிருக்கிறது. எங்கள் இரண்டு மாதிரிப் புள்ளிகளுக்குச் சரியாக நடுவில் அது இருந்தது. அந்த மண்ணை வாரிக் குவித்த தொழிலாளர்களின் கைகளில் எரிச்சல் வந்து தோல் உரிந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த பழைய காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே மூன்றே கால் லட்சக்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: எத்தனை இடத்தில் மாதிரி எடுப்பீர்கள், அந்த இடங்களை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது. தொட்டி வரிசை, கழிவுநீர்க் கால்வாய், ஆசிட் அறை, டீசல் வைத்த மூலை, பின்புற மேடு என்று நிலத்தின் வரலாற்றிலிருந்து புள்ளிகளைக் காரணத்தோடு சொல்ல வேண்டும். மீதிப் பரப்புக்குச் சில பொதுவான புள்ளிகளும் வேண்டும். முதல் கட்டம் முடியும் முன்பே எல்லாப் புள்ளிகளையும் எண்ணிக் கையில் கொடுத்துவிட்டால், அவர் நிலத்தைப் பார்க்காமல் விலைப்பட்டியல் தயாரித்திருக்கிறார் என்று பொருள். முதல் கட்டத்துக்குத் தனி விலை, அதன் முடிவைப் பார்த்து இரண்டாம் கட்டத்துக்குத் தனி விலை என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

இனி, எதைத் தேட வேண்டும் என்பதற்கு வருவோம். சாயப்பட்டறை விட்டுச் செல்வது பெரும்பாலும் உப்பு. கிணற்று நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவு உயர்ந்திருக்கும், சாயங்களில் இருந்த உலோகங்கள் மண்ணில் தங்கியிருக்கும். முலாம் பட்டறை விட்டுச் செல்வது வேறு வகை. வெள்ளி முலாமுக்கும் துத்தநாக முலாமுக்கும் சயனைடு கரைசல் பயன்படுவது வழக்கம். நிக்கல், குரோமியம், செம்பு ஆகியவையும் இருக்கும். பொருளைத் தொட்டியில் இறக்கும் முன் அதிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்க ட்ரைகுளோரோ எத்திலீன் போன்ற கரைப்பான் பயன்பட்டிருந்தால், அதுதான் எல்லாவற்றிலும் பிடிவாதமானது. அது தண்ணீரைவிடக் கனமானது என்பதால் நிலத்தடி நீரின்மேல் மிதக்காமல் அதைத் துளைத்துக்கொண்டு பாறை வெடிப்புக்குள் இறங்கிவிடும்; பிறகு பல ஆண்டுகளுக்கு ஆவியாக மேலே வந்துகொண்டிருக்கும். நிலத்தில் நடக்கும்போது உங்கள் கண்ணுக்கே சில அடையாளங்கள் தெரியும். சுவர் ஓரத்தில் மஞ்சள் கறை குரோமேட்டாக இருக்கலாம். பச்சைப் படிவு நிக்கலைக் காட்டலாம். மண்ணில் திட்டுத் திட்டாக அடர் நீலம் தெரிந்தால், சயனைடு இரும்போடு சேர்ந்து உண்டான நிறமாக இருக்க வாய்ப்பு உண்டு. இவற்றைப் படம் எடுத்து வையுங்கள். கையால் தொட வேண்டாம்.

குரோமியத்தில் சேலத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியூரிலிருந்து வரும் கன்சல்டன்ட் இதில் தடுக்கி விழுவார். நகருக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் இடையே வெள்ளைக்கல் வெட்டும் குன்றுகள் இருக்கின்றன அல்லவா, மேக்னசைட்டைத் தரும் அந்தப் பாறை வகையிலேயே இயற்கையாகக் குரோமியமும் நிக்கலும் அதிகம். அந்தப் பாறை சிதைந்து உண்டான மண் எங்கெல்லாம் பரவியிருக்கிறதோ, அங்கெல்லாம் எந்தப் பட்டறையும் இல்லாத வயல் மண்ணில்கூட இந்த இரண்டும் கூடுதலாகக் காணப்படலாம். உங்கள் இடம் குன்றுகளிலிருந்து தள்ளி இருந்தாலும், மேடு நிரப்ப எங்கிருந்து மண் வந்தது என்று யாருக்குத் தெரியும்? எனவே இரண்டைக் கட்டாயமாகக் கேளுங்கள். ஒன்று, உங்கள் நிலத்துக்கு வெளியே, பட்டறைக் கழிவு படாத, அதே வகை மண்ணிலிருந்து ஒப்பீட்டு மாதிரிகள். இரண்டு, மொத்தக் குரோமியம் என்று ஓர் எண்ணை மட்டும் தராமல், ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தைத் தனியாக அளந்து தருவது. பாறையிலிருந்து வரும் குரோமியம் பெரும்பாலும் கரையாமல் தனக்குள் அடங்கிக் கிடக்கும். முலாம் தொட்டியிலிருந்து வரும் ஹெக்ஸாவேலன்ட் வகை தண்ணீரில் கரைந்து நகரும், புற்றுநோயையும் உண்டாக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்து எழுதினால், நல்ல நிலம் கெட்டதாகவும் கெட்ட நிலம் நல்லதாகவும் தோன்றும்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கவனம் வேண்டும். சேலத்தின் அடியில் மணற்பாங்கான ஊற்று கிடையாது. மேலே சிதைந்த மண்ணும் பாறைச் சிதைவும், அதன் கீழே வெடிப்பு ஓடிய கடினப் பாறையும்தான். மேலடுக்கில் இருப்பது கிணற்று நீர். கீழே வெடிப்புகளில் கிடைப்பது போர்வெல் நீர். அந்த இடத்தில் பழைய கிணறு ஒன்றும் எண்ணூறு அடி போர்வெல் ஒன்றும் இருந்தால், போர்வெல் நீரை மட்டும் ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதித்துவிட்டு நீர் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். அந்த நீர் பல வெடிப்புகளின் கலவை. மேலடுக்கில் தேங்கிய மாசு அதில் நீர்த்துப்போய்த் தெரியாமல் போகலாம். ஆகவே மேலடுக்கில் தனியாகக் கண்காணிப்புத் துளைகள் போட வேண்டும். நீர் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை அறியக் குறைந்தது மூன்று துளைகள், ஒரே நேர்கோட்டில் இல்லாமல், முக்கோணமாக வேண்டும். உங்கள் இடம் திருமணிமுத்தாற்றை நோக்கிச் சரிகிறதா என்று எழுதவில்லை. சேர்வராயன் மலையில் தோன்றி நகருக்குள் ஓடிக் காவிரிக்குப் போகும் அந்த ஆறு, சாயக் கழிவையும் சாக்கடையையும் நீண்ட காலமாகச் சுமந்து வந்திருக்கிறது. ஆற்றோரத்து நிலம் என்றால், மாசு உங்கள் இடத்திலிருந்து வெளியே போகிறதா, வெளியிலிருந்து உள்ளே வருகிறதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதில் இல்லாத அறிக்கை பிற்காலத்தில் உங்களைக் காப்பாற்றாது.

கன்சல்டன்ட் செலவைக் குறைக்க, போர் போடும் ரிக் வண்டியைக் கொண்டே மண் மாதிரியும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுத்தக் காற்றால் தூளை ஊதி வெளியே தள்ளும் அந்த முறையில் ஆவியாகும் ரசாயனங்கள் காற்றோடு போய்விடும். எந்த ஆழத்து மண் எது என்பதும் குழம்பிவிடும். மேல் பத்தடிக்குக் கை ஆகரும் (கையால் திருகி இறக்கும் துளைக் கருவி) குழி வெட்டிப் பார்ப்பதும் போதும். அதற்குக் கீழே தகுந்த துளைக் கருவி வேண்டும்.

மாதிரி எடுக்கும் நாளில் நீங்களோ மைத்துனரோ ஒருவர் அங்கே நில்லுங்கள். பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் புதிய கையுறை மாற்றுகிறார்களா? கருவியை ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குக் கொண்டு போகும்முன் கழுவுகிறார்களா? தண்ணீர் மாதிரிகள் எல்லாம் ஒரே வகை பாட்டிலில் போகின்றனவா? போகக் கூடாது. உலோகச் சோதனைக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் சில துளிகள் சேர்ப்பார்கள். சயனைடுக்கான பாட்டிலில் காரம் சேர்த்து பிஎச் அளவை 12-க்கு மேல் கொண்டு வருவார்கள். கரைப்பான்களுக்கான சிறு கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுவார்கள். எல்லாம் ஐஸ் பெட்டியில் போக வேண்டும். பதப்படுத்தாத நீரில் ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தை 24 மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும். குடிநீர் பாட்டிலில் பிடித்து பைக்கில் தொங்கவிட்டுக் கொண்டு போய், மூன்றாம் நாள் ஆய்வகத்தில் கொடுத்த மாதிரியின் முடிவைக் காகிதத்தில் எத்தனை தசமப் புள்ளி வரை அச்சிட்டாலும் பயன் இல்லை. ஒவ்வொரு மாதிரியும் யார் கையிலிருந்து யார் கைக்கு எத்தனை மணிக்குப் போனது என்று எழுதும் படிவம் ஒன்று உண்டு. அதன் நகல் அறிக்கையோடு வர வேண்டும்.

ஆய்வகத்துக்கு என்ஏபிஎல், அதாவது ஆய்வகங்களை மதிப்பிட்டு ஏற்கும் தேசிய வாரியத்தின், அங்கீகாரம் இருக்கிறது என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். அந்த அங்கீகாரம் ஆய்வகம் முழுவதற்கும் மொத்தமாகக் கொடுக்கப்படுவது அல்ல. எந்தப் பொருளில், எந்தச் சோதனைக்கு, எந்த முறைக்கு என்று பட்டியல் போட்டே கொடுக்கப்படுகிறது. குடிநீரில் குரோமியம் பார்க்க அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு மண்ணில் சயனைடு பார்க்க அங்கீகாரம் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பட்டியல் என்ஏபிஎல் இணையதளத்தில் எவரும் பார்க்கக் கூடியதே. அதேபோல், ஒரு சோதனையால் எவ்வளவு குறைந்த அளவு வரை கண்டுபிடிக்க முடியும் என்பதையும் கேளுங்கள். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500-இல் ஒரு லிட்டர் நீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராம், நிக்கல் 0.02, சயனைடு 0.05, காட்மியம் 0.003 மில்லிகிராம் என்று வரம்பு இருக்கிறது. 0.1-க்குக் கீழே அளக்க முடியாத கருவியில் பார்த்துவிட்டு, கண்டறியப்படவில்லை என்று எழுதினால், அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை.

இப்போது அந்த மூன்று பேரில் மற்ற இருவரை ஏன் வேண்டாம் என்றேன் என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். 40 ஆயிரத்தில் பயணமும், ஓரிரு மாதிரிகளும், அச்சிட்ட தாளும்தான் அடங்கும். அதைவிட முக்கியமானது அவர் உபயோகிக்கும் சொல். சான்றிதழ் தருகிறேன் என்கிறார். நிலத்தைப் பார்க்கும் முன்பே முடிவு சான்றிதழ்தான் என்று தெரிந்துவிட்டால், அவர் ஆய்வு செய்யப்போவதில்லை. இலவசம் என்பவரின் வருமானமோ முழுக்க முழுக்கச் சுத்தம் செய்யும் வேலையில் இருக்கிறது. மாசு இருந்தால்தான் அவருக்கு வேலை, அதிகம் இருந்தால் அதிக வேலை. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் நோயைச் சொல்பவரே மருந்துக் கடையும் வைத்திருந்தால், அவர் எழுதும் சீட்டை இன்னொருவரிடம் காட்டாமல் நம்ப முடியாது. ஆய்வு செய்பவரும் சுத்தம் செய்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும். சுத்தம் செய்து முடித்த பின் சரிபார்க்கவும் முதலில் ஆய்வு செய்தவரே வரட்டும்.

கன்சல்டன்டோடு போடும் ஒப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டணத்தை முடிவு நல்லதா கெட்டதா என்பதோடு இணைக்கக் கூடாது. பாதி முன்பாகவும், மீதி முழு அறிக்கை கைக்கு வந்த பிறகும் கொடுக்கலாம். ஆய்வகத்தின் மூலத் தாள்கள், துளை விவரங்கள், படங்கள் எல்லாம் உங்களுக்குச் சொந்தம். வங்கியும் பின்னால் வீடு வாங்குபவர்களும் இந்த அறிக்கையை நம்பலாம் என்று கன்சல்டன்ட் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சட்டப்படி அது உங்கள் ஒருவருக்காக எழுதிய கடிதமாகவே நிற்கும். அறிக்கையில் யார் கையெழுத்திடுகிறார், அவர் களத்துக்கு எத்தனை நாள் வருவார் என்பதும் இருக்க வேண்டும். விலை பேச வரும்போது மூத்தவர் வந்து, குழி வெட்டும்போது படிப்பு முடித்த பையன் மட்டும் வருவது எங்கள் தொழிலில் வழக்கமாகிவிட்ட ஒரு குறை. கடைசியாக, அவர் முன்பு செய்த இரண்டு அறிக்கைகளைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவற்றில் ஒன்றாவது, இந்த நிலம் மாசுபட்டிருக்கிறது என்று சொல்லும் அறிக்கையாக இருக்கிறதா பாருங்கள். பத்தாண்டு அனுபவத்தில் ஒரு கெட்ட செய்திகூடச் சொல்லாதவரை நான் அமர்த்த மாட்டேன்.

50 நாளுக்குள் இவை அனைத்தும் முடியாது. அதனால் நிலத்துக்காரரிடம் இப்போதே பேசி, கால நீட்டிப்பும், ஆய்வுக்காக உள்ளே நுழையவும் துளையிடவும் அனுமதியும், மாசு இருப்பது தெரிந்தால் முன்பணத்தைத் திரும்பப் பெறவோ விலையைக் குறைக்கவோ உரிமையும் துணை ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளுங்கள். இதைக் கன்சல்டன்ட் எழுதக் கூடாது. வழக்கறிஞர்தான் எழுத வேண்டும். நிலத்துக்காரர் மறுத்தால், அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு தகவல். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாசுபட்ட இடங்களுக்கென்றே தனி விதிகள் 2025 ஜூலையில் வந்திருக்கின்றன. சந்தேகத்துக்குரிய இடத்தை மாநில வாரியம் ஆராய்ந்து, பொறுப்பானவரை அடையாளம் கண்டு, அவரிடமிருந்து சீரமைப்புச் செலவை வாங்க அவற்றில் வழி இருக்கிறது. ஆனால் கிரயம் முடிந்து, பழைய முதலாளி வேறு ஊருக்குப் போய்விட்டால், வாரியம் முதலில் வந்து கதவைத் தட்டுவது நிலத்தை வைத்திருப்பவர் வீட்டைத்தான். நீங்கள் வாங்கிய நாளில் நிலம் எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரமும் இந்த அறிக்கைதான்.

மாசு இருக்கிறது என்று வந்தால் உடனே ஓடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு கன மீட்டர் என்பது தெரிந்தால், அந்த மண்ணை மட்டும் தோண்டி, கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அனுமதி பெற்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப ஆகும் செலவைக் கணக்கிட்டு, அதை விலையில் கழிக்கச் சொல்லலாம். எந்த அளவுக்குக் கீழே வந்தால் சுத்தம் என்று எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்ட பிறகு, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. உங்கள் அறிக்கை குடியிருப்பு நிலத்துக்கு உரிய அளவோடு ஒப்பிட வேண்டும். தொழிற்சாலை நிலத்துக்கு உரிய தளர்ந்த அளவோடு ஒப்பிட்டுவிட்டுப் பரவாயில்லை என்று எழுதக் கூடாது.

கட்டட வரைபடத்தையும் இந்த முடிவுக்கு ஏற்ப மாற்ற முடியும். தரைத்தளத்தை வீடாக்காமல், காற்றோடும் வாகன நிறுத்தமாக விடுவது ஒரு வழி. முலாம் தொட்டிகள் இருந்த மூலையில் தண்ணீர்ச் சம்ப் வைக்கவே கூடாது. எவரும் நினைத்துப் பார்க்காத ஒன்று மழைநீர் சேகரிப்புக் குழி. 2003 முதல் அது நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம், நல்ல சட்டம்தான். ஆனால் குழியை மாசுபட்ட மண்ணின் மேல் வெட்டினால், கூரையில் விழும் சுத்தமான மழை ஒவ்வோர் ஐப்பசியிலும் மண்ணில் கிடக்கும் குரோமியத்தைக் கழுவிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு அனுப்பும். குழி எங்கே வரலாம், எங்கே வரக் கூடாது என்று அறிக்கையிலேயே வரைபடம் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கன்சல்டன்ட் வரும்வரை நீங்கள் செய்யக் கூடாதவை சில உண்டு. இதைத் தயவுசெய்து இன்றே மைத்துனருக்கும், அங்கே காவலுக்கு இருப்பவருக்கும் சொல்லிவிடுங்கள். கொட்டகையில் மீந்து கிடக்கும் தொட்டிகளையும் டிரம்களையும் காலி செய்யவோ, ஒன்றை இன்னொன்றில் ஊற்றவோ வேண்டாம். சயனைடு கலந்த நீரில் ஆசிட் பட்டால் எழும் வாயு சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். மூடிய தொட்டிக்குள்ளும் பழைய கிணற்றுக்குள்ளும் யாரும் இறங்கக் கூடாது. இடத்தைச் சுத்தமாகக் காட்டுவதற்காக ஜேசிபி வைத்து மேல் மண்ணை வழித்துவிடாதீர்கள். அடையாளங்கள் எல்லாம் அழிந்துவிடும். பட்டறைத் தரையின் செங்கல்லையும் மண்ணையும் யாராவது மேடு நிரப்ப விலைக்குக் கேட்டு வருவார்கள். ஒரு லோடுகூட வெளியே போகக் கூடாது. அது இன்னொரு வீட்டின் வாசலில் போய் விழும், அங்கே குழந்தைகள் விளையாடுவார்கள்.

பட்டறையைச் சுற்றியுள்ள வீடுகளில் கிணற்று நீரைக் குடிப்பவர்களோ, சமையலுக்கு எடுப்பவர்களோ இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. முதல் நாள் ஆய்விலேயே அவர்களில் இரண்டு மூன்று வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் அந்த நீரையும் ஒரு மாதிரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மூன்றே கால் லட்சத்தோடு சில ஆயிரம் கூடும். முடிவு என்ன வந்தாலும் அதன் நகலை அந்த வீட்டாரிடமே கொடுத்துவிடுங்கள்.